நூற்றெண்பத்தாறு தோசைக்கல்

வியாழக்கிழமை காலை பசியாறியதும் முன்கூடத்தில் பாய்களை விரித்தாகிவிட்டது. பெட்டி கட்டுகிற வேலையில் வரிசைதான் முக்கியம் என்பாள் ஜொஹரா. சன்னலோரம் மடிக்காத அட்டைப்பெட்டிகள். அடுத்து, சுருள்சுருளாகக் கிழித்த காகிதக் குவியல். அப்புறம் எண்ணெய்க் காகிதம் சுற்றிய தோசைக்கற்கள். கடைசியில் அரை லிட்டர் நல்லெண்ணெய்ப் புட்டிகள். ஒருத்தி பெட்டியை மடித்துத் தர, அடுத்தவள் காகிதம் பரப்ப, மூன்றாமவளான தையல்நாயகி கல்லை இறக்கி, புட்டியை ஓரத்தில் செருகி, பெட்டியைக் கறுப்புத் துணிப்பைக்குள் நுழைத்து நாடாவை இழுத்துக் கட்டுவாள். பையில் ஆரஞ்சு நிறத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. மொத்தம் நூற்றெண்பத்தாறு, மதியத்துக்குள் எண்பது முடிந்துவிடும் என்று ஜொஹரா கணக்குப் போட்டிருந்தாள்.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற ரோட்டில் வீடு. கீழே முன்பக்கம் கடை, ‘முத்துப்பந்தல் ஈவென்ட்ஸ் அண்ட் கிஃப்ட்ஸ்’ என்று பலகை. ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் விருந்து மண்டபத்தில் ஒன்பது வருஷம் மேஜை போட்ட இக்பால், ஊர் திரும்பியதும் மனைவி ஜொஹராவோடு சேர்ந்து தொடங்கிய தொழில். முதலில் நிக்காஹ் மேடை, பிறகு எல்லாருடைய கல்யாணமும். தொழில் நடந்தது. ஆனால் சொன்ன நேரத்துக்கு மைக்செட் வராது. மேடைக்கு ரோஸ் நிறம் என்று மூன்று மாதம் முன்பு சொன்ன பெண் வீட்டார் முந்தின நாள் வந்து ஊதா கேட்பார்கள். ஆடியும் மார்கழியும் ஒரு பக்கம் அடைத்தால், நோன்பு மாதம் இன்னொரு பக்கம் அடைக்கும். அந்தக் காலி மாதங்களுக்காகத்தான் கம்பெனிகளுக்கு அன்பளிப்பு செய்து கொடுக்கும் வேலையை ஜொஹரா எடுத்தாள். நான்கு கம்பெனி ஏறி இறங்கி, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்று மட்டும் கதவைத் திறந்தது. அவர்களுடைய பாதுகாப்பு தினக் குடும்ப விழாவும் அன்பளிப்பும் இவர்கள் பொறுப்பு. நன்றாக நடந்தால் தீபாவளி தொட்டு வருஷம் முழுக்க இவர்களுக்கே என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். நோன்பு பிறக்க இன்னும் பத்து நாள்தான்.

தோசைக்கல் ஜொஹராவின் யோசனை. முந்தைய வருஷங்களில் கம்பெனி கொடுத்த பிளாஸ்க்கெல்லாம் பரணில் கிடப்பதைத் தொழிலாளர் வீடுகளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இருபது வீட்டில் கேட்டாள். பதிமூன்று வீட்டில் இரும்புத் தோசைக்கல் என்றார்கள்.

“விழா வெள்ளிக்கெழமதானம்மா?” என்று கேட்டாள் தையல்நாயகி, நாடாவை இழுத்தபடி. குரும்பகரத்துக்காரி. உளுந்து பறிப்புக்குப் போகாமல் இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

“வெள்ளி இல்லக்கா. மொதலாளிக்கு அன்னைக்கி வர முடியலன்னு மாத்திட்டாங்க. சனிக்கெழம பத்து மணிக்கு.”

தையல்நாயகி கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“சனிக்கெழமயா?”

“ஆமா. ஏன்க்கா?”

“சனிக்கெழமைக்கா இத குடுக்கப் போறிய?” ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். “இரும்பு. நல்லெண்ண. கறுப்புத் துணி. எள்ளு ஒண்ணுதான் வைக்கல. அதையும் ஒரு பொட்டலம் போட்டுட்டா சனி தானம் சுத்தமா முடிஞ்சிரும்.”

மற்ற இரண்டு பெண்களும் சிரித்துவிட்டு, ஜொஹராவின் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

“வாங்க மாட்டாங்களாக்கா?”

“பீடை புடிச்சவன் தானம் குடுக்குறதும்மா இது. தன்னப் புடிச்சது வாங்குறவன்கூடப் போவட்டும்னு குடுப்பான். அத யாரு கையேந்தி வாங்குவா? எம் மருமவன் அந்தக் கம்பெனி லாரிதான் ஓட்டுறான். மொதலாளி கையாச்சேன்னு வாங்கிருவான், பாவம். எம் பொண்ணு வூட்டுக்குள்ள வுடமாட்டா.”

“அப்புறம் என்ன செய்வாங்க?”

“வர்ற வழியிலயே எறக்கி வச்சிருவாங்க. நூத்தியெம்பத்தாறும் வாஞ்சூர் ரோட்டோரமா வரிசையா குந்தியிருக்கும்.”

ஜொஹரா தன் நோட்டை எடுத்து விரித்தாள். தேதி மாறிய அன்று எழுதிய பக்கம். மண்டபம், பேசியாச்சு. சமையல், பேசியாச்சு. பூ, மைக்செட், பேனரில் தேதி, எல்லாவற்றுக்கும் எதிரே குறிப்பு. கடைசி வரியில், ‘அன்பளிப்பு: மாற்றம் இல்லை.’ அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள். சனிக்கிழமையானால் வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாதபடி திருநள்ளாற்றுக் கூட்டம் போகும். கறுப்புத் துணியும் எள் பொட்டலமும் விற்கிறவர்கள் பஸ்ஸுக்குள் ஏறி இறங்குவார்கள். முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற காட்சி. கண்ணால் பார்த்ததெல்லாம் இந்த நோட்டுக்குள் ஏன் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

மண்டபத்தை அளந்துவிட்டு டேப்போடு வந்த இக்பால் விஷயத்தைக் கேட்டதும் பாயில் உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து தேத்தண்ணித் தட்டோடு அவன் உம்மா சஃபியா வந்தாள்.

“ஏன்டா, இரும்புக்கடை வச்சிருந்த வூட்டுல பொறந்தவன்தானே நீ? சனிக்கெழம ஒரு ஆணி வித்திருக்குமா? ஈ ஓட்ட முடியலன்னு ஒங்க வாப்பா மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போறப்பவே கடைய அடைச்சிட்டு வந்துருவாஹ.”

“இத இப்பவா உம்மா சொல்ற?”

“என்ட்ட என்னைக்கிடா கேட்டே? கல்ல கொண்டாந்து எறக்கினே, நல்ல கல்லுன்னு சொன்னேன். நாளா கேட்டே?”

தையல்நாயகி தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். இக்பால் சற்று நேரம் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.

“நாள மாத்துனது அவங்கதான். கல்லுக்கு சரின்னு கையெழுத்துப் போட்டதும் அவங்க. நாம பேசாம குடுத்துட்டு வந்துருவோம். எல்லாருமா பாக்கப் போறாங்க? பாதிப் பேரு படிச்ச பயலுவ.”

“படிச்சவன் கையிலதாங்க சனிக்குன்னு நீலக்கல்லு மோதிரம் கெடக்கு,” என்றாள் தையல்நாயகி.

“மச்சான், நாளைக்கி யாரு பேரு கெடும்?” என்றாள் ஜொஹரா. “கம்பெனி பேரா? ‘அந்த பாய் வூட்ல சனிப் பெட்டி குடுத்தாங்க’ன்னுதான் நிக்கும். அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு நம்மள கூப்புடுவாங்களா?”

“சொன்னா மட்டும்? ரெண்டு நாளைக்கி முன்னாடி போயி தப்புப் பண்ணிட்டோம்னு சொன்னா அடுத்த வருஷமும் வாங்கன்னா கூப்புடுவாரு?”

ஜொஹரா நோட்டை மூடினாள். கீழே கிடந்த கல்லைத் தூக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, புர்காவை எடுக்கப் போனாள்.

அரசலாற்றுப் பாலம் தாண்டி, பட்டினம் என்கிற ஊரும் தாண்டி, ஸ்கூட்டர் தெற்கே போனது. தார்ப்பாய் கட்டிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. வாஞ்சூர் நெருங்க நெருங்க வேப்பிலையெல்லாம் மை பூசியது போல் இருந்தது. கடற்காற்று அடித்தும் துறைமுகத்து நிலக்கரித் தூசி போகவில்லை.

மேனேஜர் கதிரவனின் அறை ஒரு பழைய கண்டெய்னருக்குள் இருந்தது. திருச்சிக்காரர். மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஜொஹரா சொல்வதை முழுக்கக் கேட்டார். இரும்பு, எண்ணெய், துணி என்று அவள் சொல்லச் சொல்ல, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, கம்ப்யூட்டர்ல கிரேன் ஓட்டுறாங்கம்மா இங்க. தோசைக்கல்லுக்கு நாள் பாக்கச் சொல்றீங்களா?”

“நான் பாக்கல சார். வாங்குறவங்க பாப்பாங்க.”

“இத ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல. தப்பு என்னோடதுதான்.”

இக்பால் சன்னல் வழியாக லாரிகளைப் பார்த்தான். கதிரவன் நாற்காலியில் சாய்ந்தார். கோபமாக இல்லை. வேலை ஒன்று கூடிப்போன அலுப்புதான் முகத்தில் தெரிந்தது.

“இன்னைக்கே குடுத்துட்டா?”

“பாதிதான் கட்டியிருக்கோம் சார். அதோட மொதலாளி வர்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டா அவரு மேடையில என்ன குடுப்பாரு?”

“அதுவும் சரிதான்.” கொஞ்சம் யோசித்தார். சட்டென்று முகம் தெளிந்தது. “ஈசியா முடிச்சிடலாம்மா. லிஸ்ட் என்கிட்ட இருக்கு. பேரப் பாத்தாலே தெரியுதே. பாய்மாருங்களுக்கும், சர்ச்சுக்குப் போறவங்களுக்கும் மேடையிலயே குடுத்துடுவோம். மொதலாளி கையால ஒரு அறுபது எழுபது பேரு. போட்டோவுக்கு அது போதும். மத்தவங்களுக்கு ஞாயித்துக்கெழம வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

இக்பால் உடனே, “செஞ்சிடலாம் சார்,” என்றான்.

“வேணாம் சார்,” என்றாள் ஜொஹரா.

மேஜைக்கு அடியில் இக்பாலின் செருப்பு அவள் காலைத் தொட்டது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

“ஏன் வேணாம்?”

“ஒரே பெஞ்சில உக்காந்து சாப்புடுறவங்க சார். பேரப் பாத்து நீ வா, நீ இருன்னு மைக்ல கூப்புட்டா நல்லாவா இருக்கும்? திங்கக்கெழம காலைல ரெண்டு பேரும் ஒரே ஷிப்டுக்கு வரணும். புள்ளைங்களும் கீழ உக்காந்து பாக்கும். அப்படி ஒரு விழாவ நாங்க நடத்திக் குடுக்க மாட்டோம்.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. குரல் இறங்கியது. “எல்லாருக்கும் ஞாயித்துக்கெழம, வூட்லயே கொண்டு போய்க் குடுத்துடுறோம். வண்டி எங்களோடது. மேடையில மொதலாளி சான்றிதழும் இனிப்பும் குடுக்கட்டும். இனிப்பு நான் ஏற்பாடு பண்றேன்.”

கதிரவன் பேனாவை மூடினார்.

“எப்படியோ செய்ங்க. மொதலாளிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா, ஒரு வீடு விட்டுப் போச்சுன்னு திங்கக்கெழம என்கிட்ட ஒருத்தன் வந்து நின்னான்னா, அடுத்த வருஷம் பத்திப் பேசவே வராதீங்க.”

திரும்பும்போது பட்டினம் வரைக்கும் இக்பால் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்டினான். ரயில்வே கேட்டில் நின்றபோது, தலையைத் திருப்பாமல், “அவரு சொன்னது எனக்கு அப்ப தப்பாவே தெரியல, பாத்துக்க,” என்றான். கேட் திறக்கும்வரை அவள் அவன் தோளில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை விழா குறையில்லாமல் நடந்தது. முதலாளி பேசினார், தலைக்கவசத்தைப் பற்றி இருபது நிமிஷம். குழந்தைகளுக்குப் பலூன் பத்தவில்லை. சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும் இரண்டாம் பந்தியில் தீர்ந்து, சமையல்காரர் வாழைக்காயைச் சீவிப் போட்டுச் சமாளித்தார். இனிப்புக்கு ஏற்பாடான ரவை தம்ரூட் துண்டும் சான்றிதழும் கையில் வாங்கியவர்கள் மேடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள்.

“பரிசு?”

“வூட்டுக்கு வருதாம்.”

“வரும் வரும். தண்ணி லாரி வருதுல்ல, அது பின்னாடியே வரும்.”

பந்தியில் எழுந்த சிரிப்பை ஜொஹரா தண்ணீர் ஜக்கோடு நின்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் குட்டியானை லோடு வண்டி வாசலுக்கு வந்தது. ஊர்வாரியாகப் பெட்டிகளை அடுக்கினார்கள், கடைசி ஊர் உள்ளே, முதல் ஊர் வெளியே. சஃபியா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் தூக்குவாளியில் கட்டிக் கொடுத்தாள். வடக்கே வீடு காட்டுவதற்குத் தையல்நாயகி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டிரைவருக்கு வழி சொன்னது பாதி, தன் நாத்தனார் சண்டையைச் சொன்னது பாதி.

மண்டபத்தூரில் வலை காய்கிற மணலுக்குள் வண்டி போகாது. பெட்டிகளைத் தலையில் வைத்து நடந்தார்கள். கிரேன் ஓட்டும் அறிவுச்செல்வன் கறுப்புச் சட்டையோடு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் சனிக்கெழமைன்னு நிறுத்துனவங்களா?”

“ஆமாங்க.”

“ஏங்க, ஒங்களுக்கே அதுல நம்பிக்கை கெடயாது, எனக்கும் கெடயாது. நேத்தே குடுத்திருந்தா மொத ஆளா மேடையேறி வாங்கியிருப்பேன். ஞாயித்துக்கெழம தூக்கத்தக் கெடுத்துட்டீங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அவரு வாங்கியிருப்பாரு. நான் கொல்லப்பக்கம் முருங்கைக்கடியில வச்சிருப்பேன். நீங்க உள்ள வாங்கம்மா, மோரு குடிங்க.”

“பாத்தீங்களா,” என்றார் அறிவுச்செல்வன், வாய் நிறைய நுரையோடு. “இருவது வருஷமா பிரச்சாரம் பண்றேன். வாசப்படி தாண்டல.”

குரும்பகரத்தில் ரோட்டில் உளுந்துச் செடி காயப்போட்டிருந்தார்கள். வண்டி அதன்மேல் ஏறி இறங்கியதில் அவர்களுக்குச் சந்தோஷம், செடி மிதிபட்டு உளுந்து உதிரும். தையல்நாயகியின் மகள் கல்லை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்,” என்றாள். அந்த ஊர்களில் எல்லாம் சரியாகவே போனது. பூட்டிய வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

மதியத்துக்குமேல் பட்டினத்தில் ஒரு வீடு. கதவைத் திறந்த பெண் பையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே தழும்பு. லாரிப்படியில் வழுக்கியது, போன வருஷம்.

“வேணாங்க. கொண்டு போயிடுங்க.”

“இன்னைக்கி ஞாயித்துக்கெழமம்மா,” என்றான் இக்பால்.

“தெரியுதுங்க. சனிக்கெழமைக்குன்னு சேத்து வச்சதுதான அது? எனக்கு அப்படியே மனசுல விழுந்துடுச்சு. அவருக்கு அடிபட்டதும் சனிக்கெழமதான்.”

இக்பால் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜொஹரா பையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள்.

“வேற என்ன குடுத்தா ஒங்களுக்கு ஒதவும்மா?”

அந்தப் பெண் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “இட்லிப் பானை ஓட்டையா இருக்கு,” என்றாள் மெல்ல.

“எவர்சில்வர்ல கொண்டாறேன். புதன்கெழம வரலாமா?”

“புதன்கெழம வாங்க.”

நோட்டில் அந்தப் பேருக்கு எதிரே ‘இட்லிப் பானை, புதன்’ என்று ஜொஹரா எழுதினாள். ஒரு வீடு விட்டுப்போனால் பேச வராதீர்கள் என்று சொன்ன குரல் காதில் இருந்தது. விட்டுப்போகவில்லை, வேண்டாம் என்றார்கள், அது வேறுதானே? வேறு என்று அவளே சொல்லிக்கொண்டாள். அவர் அப்படி எடுத்துக்கொள்வாரா என்பதுதான் தெரியவில்லை.

கடைசிப் பெட்டி கதிரவனுடையது. டவுனுக்குள், கடற்கரைக்குப் போகிற வழியில் வாடகை வீடு. மணி நாலே முக்கால். இக்பால் பையோடு படியேறினான். வாசலுக்கு வந்த கதிரவனின் மனைவி உமாமகேஸ்வரி கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“அய்யய்யோ, செத்த இருங்க. ராகுகாலம். ஆறு மணி வரைக்கும் இருக்கு.”

“வச்சிட்டுப் போயிடுறோம்மா. நீங்க அப்புறமா எடுத்துக்குங்க.”

“வாசல்ல வைக்காதீங்க! வண்டியிலயே இருக்கட்டும். நீங்க உக்காருங்க, டீ போடுறேன்.”

பை மறுபடி குட்டியானையில் ஏறியது. டிரைவர் தலையணையாக அதைச் சரித்துக்கொண்டு படுத்துவிட்டார். லுங்கியோடு வெளியே வந்த கதிரவன் யார் முகத்தையும் பார்க்காமல் படியில் உட்கார்ந்தார்.

“சனிக்கெழம இரும்பு குடுக்கப் பாத்தாராமே இந்த மனுஷன்!” என்றாள் உமாமகேஸ்வரி, டீயை நீட்டி. “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீங்க தடுக்கலன்னா நான் வெளில தலகாட்ட முடியுமா?”

“உள்ள பால் பொங்குது பாரு,” என்றார் கதிரவன்.

“பால் எறக்கியாச்சு.”

அவள் உள்ளே போனாள். ஜொஹரா டம்ளரைக் கீழே வைத்தாள். இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

“சார், ஒண்ணு திரும்பி வந்திருக்கு.” பட்டினத்து வீட்டைச் சொன்னாள். காலைச் சொன்னாள், சனிக்கிழமையைச் சொன்னாள், புதன்கிழமை இட்லிப்பானை கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்ததையும் சொன்னாள். “நாளைக்கி அவங்க சார்பா யாரும் ஒங்ககிட்ட வந்து நிக்க மாட்டாங்க. ஆனா ஒங்களோடதையும் சேத்து நூத்தியெம்பத்தஞ்சுதான் ஆவும்.”

கதிரவன் டம்ளரை உருட்டியபடி இருந்தார். “அவன எனக்குத் தெரியும். நான் வந்த புதுசுல அடிபட்டது. அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். கெழம எல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல.” டம்ளரை வைத்துவிட்டு, “புதன்கெழம போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்,” என்றார்.

இக்பால் தெருவைப் பார்த்துக்கொண்டு புன்னகைத்தான்.

“தீபாவளிக்கு எங்க மூணு சைட்டுக்கும் சேத்து என்னென்ன குடுக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்கம்மா. நோன்பு முடிஞ்சு குடுத்தாப் போதும்.”

“நாள் எப்ப வச்சிருக்கீங்க சார்?”

“நாள நான் சொல்ல மாட்டேன்,” என்று உள்பக்கம் கையைக் காட்டினார். “நீங்களும் அவளும் பேசி முடிவு பண்ணிக்குங்க. எனக்குத் தகவல் மட்டும் சொன்னாப் போதும்.”

ஆறு மணி அடித்து, இன்னும் இரண்டு நிமிஷம் போகட்டும் என்று உமாமகேஸ்வரி காத்திருந்து, கை கழுவிக்கொண்டு வந்தாள். டிரைவரை எழுப்பி இக்பால் எடுத்துக் கொடுத்த பையை இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே போகும்வரை பொறுமை இல்லை. படியிலேயே பிரித்து, எண்ணெய்க் காகிதத்தை உரித்து, விரலை மடக்கிக் கல்லில் தட்டிப் பார்த்தாள்.

“தோசை ஒட்டாதுல்ல?”

ஒட்டவே ஒட்டாது என்றுதான் கல்லைச் செய்த பட்டறைக்காரர் அதோடு வைத்த அட்டையில் அச்சடித்திருந்தார். ஜொஹரா ஒரு கணம் அந்த அட்டையைப் பார்த்தாள்.

“மொத ரெண்டு தோசை ஒட்டும்மா. மூணாவதுலேருந்து வரும்.”

“அப்ப அந்த ரெண்டும் எனக்குத்தான்,” என்றார் கதிரவன், லுங்கியைத் தட்டிக்கொண்டு எழுந்து.